போகவர ஒரு பாட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஆறு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு வயது நாற்பத்தொன்று, கணக்குத் தணிக்கை என் தொழில். ஆபீசுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ரயில், அப்புறம் பேருந்து. பதினாறு வருடமாக இதே வழி. தொழில் பழக்கத்தில் ஒருநாள் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 240 வேலைநாள் என்றால் 720 மணி நேரம், அதாவது முப்பது முழு நாள். பதினாறு வருடத்தில் 480 நாள். எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

கவிதை என்றால் எனக்கு உயிர். வண்டியில் மொபைலில் படிக்கிறேன், ஒரு பயணத்துக்குப் பத்துப் பதினைந்து கவிதைகள். சாயங்காலம் நினைத்துப் பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. இன்னொரு பக்கம் தொழிலுக்கான படிப்பும் ஓய்வதில்லை. தரநிலைகள் மாறுகின்றன, திருத்தங்கள் வருகின்றன. கவிதை படிக்கும்போது அதைப் படித்திருக்கலாமே என்று உறுத்துகிறது. அதைப் படிக்கும்போது இதை விட்டுவிட்டோமே என்று இருக்கிறது.

எழுதவும் முயன்றேன். பேனாவை எடுத்தால் 'மேற்படி', 'இத்துடன்', 'சரிபார்க்கப்பட்டது' என்றுதான் வருகிறது. ஆபீஸ் என் மொழியைத் தின்றுவிட்டது என்று தோன்றுகிறது. வேலையே முன்பு இப்படி இல்லை. பயிற்சிக் காலத்தில் மூத்தவர் ஒருவர் வவுச்சரை, அதாவது வரவுசெலவுக்கு ஆதாரமான சீட்டைப் பார்த்து எண்களை வாய்விட்டுப் படிப்பார், நான் லெட்ஜரில், அதாவது கணக்குப் பேரேட்டில் டிக் போடுவேன். அவருக்குச் சந்தேகம் வந்தால் குரல் ஒரு நொடி தாழும். இப்போது எல்லாவற்றையும் மென்பொருள் ஒத்துப் பார்த்துவிடுகிறது.

என் கேள்விகள் மூன்று. கூட்டத்தில் நின்றுகொண்டு படிப்பது படிப்பாகுமா? யாப்பை இந்த வயதில் கற்க முடியுமா? கவிதைக்காக இந்த வேலையை விட்டு இலகுவான ஒன்றுக்குப் போகலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 480 என்ற எண்ணைத் தாண்டிப் போக இரண்டு முறையும் நேரமானது. நானும் இருபத்திரண்டு வருடம் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன். போகவர இரண்டரை மணி நேரம். அதனால் பயணத்தை வரம் என்றும் தியானம் என்றும் என்னால் சொல்ல முடியாது. நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கிறவருக்கு அது தோள்வலி, கால்வலி. அந்த நேரம் உங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் உங்கள் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்தால் தயங்காமல் போங்கள். ஆனால் கவிதைக்காக வேலையை விடுவது வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த மறதி. ஒரு பயணத்தில் பதினைந்து கவிதை படித்தால் மாலையில் ஒன்றும் மிஞ்சாது. எனக்கும் மிஞ்சாது, யாருக்கும் மிஞ்சாது. இதற்காக உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கவிதை உள்ளே இறங்கும் முன் அடுத்தது வந்து அதன் மேல் உட்கார்ந்துவிடுகிறது. மொபைலில் விரலைத் தள்ளினால் அடுத்தது தயாராக இருக்கும்போது, படித்ததோடு இருப்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது.

என் யோசனை ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை அதை உங்கள் கையால் ஒரு சிறு தாளில் எழுதுங்கள். திங்கள் காலை வண்டியில் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளைப் பையில் வைத்துவிடுங்கள். அப்புறம் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள், மனதுக்குள் போதும். தடுக்கும். தடுத்த உடனே தாளை எடுக்கக் கூடாது. ஒரு நிறுத்தம் போகட்டும், விட்ட சொல்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் தாளைப் பாருங்கள். அந்தத் தேடல்தான் வேலை. 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். படித்துக்கொண்டே இருக்கும்போது வருகிற 'புரிந்துவிட்டது' என்ற உணர்வு நம்மை ஏமாற்றும். உங்கள் தரநிலைகளுக்கும் இதே வழி உதவும். ஒரு பத்தி படியுங்கள், பக்கத்தை மூடுங்கள், ஒரு ஜூனியருக்குச் சொல்வதுபோல உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்.

மனப்பாடம் என்ற சொல்லுக்கு நம்மிடையே கெட்ட பெயர் வந்துவிட்டது. பரீட்சைக்காக விழுங்கிக் கக்கியதால் வந்த பெயர். ஆனால் சொல்லைக் கவனியுங்கள், மனத்தில் இருக்கிற பாடம். ஏட்டைப் பிரதியெடுப்பது பெரும்பாடாக இருந்த காலத்தில் ஒரு நூலை வைத்திருப்பது என்றால் நெஞ்சில் வைத்திருப்பதுதான். எதுகையும் மோனையும் அடிக்கணக்கும் அலங்காரத்துக்காக மட்டும் வந்தவையில்லை. அடுத்த சொல்லை நினைவுக்கு இழுத்துவருகிற கயிறுகள் அவை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் நினைவைப் பற்றிய தன் ஆராய்ச்சியை 1885-இல் வெளியிட்டார். தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்தவர். ஒப்பிட்டுப் பார்க்க ஆங்கிலக் கவிஞர் பைரனின் நெடுங்கவிதை ஒன்றிலிருந்து சில பத்திகளையும் மனப்பாடம் செய்தார். பொருளும் சந்தமும் எதுகையும் சேர்ந்திருந்த அந்தச் செய்யுளுக்கு, அதே அளவு பொருளற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆனது. பாட்டு நம்மிடம் வந்து தங்குவதற்கென்றே கட்டப்பட்டிருக்கிறது, இடம் கொடுப்பதுதான் நம் பங்கு.

எந்தப் பாட்டு என்று கேட்பீர்கள். குறுந்தொகையில் தொடங்குங்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடி. இரண்டு நிறுத்தங்களுக்குள் ஒருமுறை சொல்லி முடித்துவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. வேலைக்குப் போகிறவனும், போகாதே என்று தவிக்கிறவளும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியும் நம் அகப்பாடல்களில் ஒரு பெரிய பங்கு. பொருள்வயின் பிரிவு என்று அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற வழியைப் பற்றி இவ்வளவு பாடிய கவிமரபு இது. நீங்கள் தினமும் அந்த வழியில்தான் நிற்கிறீர்கள்.

131-ஆம் பாட்டைச் சொல்கிறேன். வேலை முடித்துத் திரும்புகிறவனின் பாட்டு, ஆறே அடி. அவள் இருக்கிற ஊர் வெகுதொலைவில் இருக்கிறது, கடப்பதற்கு அரிய வழி. அவன் நெஞ்சோ பரபரக்கிறது. எப்படி? மழை பெய்து ஈரம் பட்டிருக்கிறது நிலம், உழுவதற்குச் சரியான பதம். ஆனால் உழவனிடம் இருப்பது ஒரே ஒரு ஏர். ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும். அந்த 'ஓரேர் உழவன்' போல என் நெஞ்சு பதைக்கிறதே, நோகிறேனே என்கிறான். பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையாலேயே ஓரேருழவனார் என்று அவரை அழைக்கிறோம்.

இதை நான் மனப்பாடம் செய்து இரண்டு மாதம் இருக்கும். அழகான உவமை என்ற அளவில்தான் தெரிந்திருந்தது. ஒருநாள் மாலை வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல், மதியத்திலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள். இறங்கி நடக்கவும் முடியாது. நாற்பது நிமிடம் நின்றோம். அப்போது என்னைக் கேட்காமலே அந்த வரி வந்தது. ஓரேர் உழவன். எனக்கு இருப்பது ஒரு உடம்பு, அது இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே ஈரம் காய்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு யாரோ ஒருவர் என் நெஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல இருந்தது. கண்ணீர் வந்துவிட்டது. எதிரில் நின்றவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அந்தப் பாட்டு அன்று ஏதாவது புத்தகத்தில் இருந்திருந்தால் எனக்கு உதவியிருக்காது. தாளை எடுக்கிற நிலையில் நான் இல்லை. அது உள்ளே இருந்ததால் வந்தது. உங்கள் முதல் கேள்விக்கு, அதாவது கூட்டத்தில் நின்று படிப்பது படிப்பாகுமா என்பதற்கு, என்னிடம் இதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஒன்று மட்டும். போகவர இரண்டு வேளையையும் நிரப்பிவிடாதீர்கள். காலையில் பாட்டு, வாரத்தில் இரண்டு நாள் தொழில் படிப்பு, மாலையில் ஒன்றும் வேண்டாம். ஜன்னலைப் பாருங்கள், இடம் கிடைத்தால் தூங்குங்கள். பிரெஞ்சுக் கணிதமேதை ஆன்றி புவான்காரே 1880-இல் ஒரு கணக்கோடு இரண்டு வாரம் மல்லாடிவிட்டு, அதை மறந்து ஒரு பயணத்தில் இருந்தார். குதிரைவண்டியின் படியில் காலை வைத்த நொடியில் விடை வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அந்த இரண்டு வார உழைப்பு இல்லாமல் படி மட்டும் எதையும் தந்திருக்காது. அதேபோல, வண்டி ஏறிய பிறகும் அவர் தாளோடு போராடிக்கொண்டிருந்தால் அந்த நொடியும் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது யாப்பு. நாற்பத்தொன்றில் தாராளமாகக் கற்கலாம். உங்கள் தொழில் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை இரண்டே அசைதான், அசைகள் சேர்ந்தால் சீர். ஒரு குறிலோ நெடிலோ தனித்தோ, பின்னால் ஒற்று சேர்ந்தோ வந்தால் நேர். இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ வந்தால், ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிரை. 'கணக்கு' என்று சொல்லுங்கள். கணக்-கு. நிரை, நேர். அந்தச் சீரை நினைவில் வைக்கிற பெயர், அதாவது வாய்பாடு, புளிமா. 'வரவு' என்று சொல்லுங்கள். வர-வு. புளிமா. 'செலவு', அதுவும் புளிமா. 'இருப்பு' புளிமா. 'ரசீது' புளிமா. 'தணிக்கை' புளிமா. பதினாறு வருடமாக நாள் முழுக்க ஒரே சீரைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! 'ஐந்தொகை' என்றால் ஐந்-தொகை, நேர், நிரை, கூவிளம். 'பேரேடு' மூன்று நேர், தேமாங்காய். இப்படி ஒரு வாரம் கண்ணில் படுகிற பெயர்ப்பலகை, அறிவிப்பு எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள். இலக்கணப் புத்தகத்தை அதற்கு அப்புறம் திறந்தால் போதும்.

குறுந்தொகை முழுவதும் ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர், பெரும்பாலும் ஈரசைச் சீர், அதாவது உங்கள் 'வரவு', 'செலவு' போன்றவை. கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று சீர் வந்தால் நேரிசை ஆசிரியப்பா. இதை விதியாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 131-ஐ வாய்விட்டுச் சொன்னபோதுதான் பிடிபட்டது. நான்கு நான்காக வந்துகொண்டிருக்கிறது. ஐந்தாவது அடியில் 'ஓரேர் உழவன் போல' என்று மூன்றோடு நின்றுவிடுகிறது. காது நான்காவது சீரை எதிர்பார்க்கிறது, அங்கே இல்லை. ஒற்றை ஏர்க்காரன் வந்து நிற்கிற இடம் அந்தக் குறைந்த அடிதான். எல்லா நேரிசை ஆசிரியப்பாவுக்கும் இந்தக் குறுகல் உண்டு, தெரியும். ஆனால் இந்தக் கவிஞர் தன் ஏழை உழவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கண்ணால் படித்த வரைக்கும் எனக்கு இது தெரியவில்லை, காதுக்குத்தான் தெரிந்தது.

காது என்றதும் உங்கள் தொழிலுக்கு வந்துவிட்டேன். ஆடிட் என்ற சொல் லத்தீனில் 'கேட்டல்' என்ற வினையிலிருந்து பிறந்தது. பழைய நாளில் கணக்கு வைத்தவர் வாய்விட்டு வாசிப்பார், சரிபார்க்கிறவர் உட்கார்ந்து கேட்பார். ஆடிட்டர் என்றால் கேட்கிறவர். தமிழில் கல்விக்கும் இதே பாதைதான். அந்த நாளில் பாடம் படித்தேன் என்று சொல்வதைவிட, இன்னாரிடம் பாடம் கேட்டேன் என்பார்கள். குறளில் 40-ஆவது அதிகாரம் கல்வி, 42-ஆவது கேள்வி. நூலை அவையில் அரங்கேற்றுவது என்பதும் கேட்டுச் சரிபார்க்கிற ஏற்பாடுதானே? ஆகவே தணிக்கையும் கவிதையும் எதிரெதிர்த் திசையில் போகிற வண்டிகள் என்று நீங்கள் நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆபீஸ் உங்கள் மொழியைத் தின்றுவிட்டது என்கிறீர்கள். 'மேற்படி'யும் 'இத்துடன்'னும் மொழியின் மேல்தோல்தான், அவை உதிர்ந்துவிடும். அதற்கு அடியில் தொழில் உங்களுக்குக் கொடுத்திருப்பது வேறு. லெட்ஜரில் ஒரு பதிவைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு வவுச்சர் இருக்கிறதா என்று பின்னோக்கிப் போவீர்கள், நடக்காத ஒன்று எழுதப்பட்டிருக்கக் கூடாது. அப்புறம் எதிர்த்திசையில், வவுச்சரை எடுத்துக்கொண்டு லெட்ஜருக்கு வருவீர்கள், நடந்த ஒன்று விட்டுப்போயிருக்கக் கூடாது. நான் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த இரண்டு சோதனையும் தேவை. எழுதிய சொல்லுக்குப் பின்னால் நான் பார்த்த பொருள் இருக்கிறதா? பார்த்த பொருள்களில் முக்கியமானது எழுத்துக்குள் வந்ததா? முதல் சோதனையில் என் வரிகளில் பாதி விழுந்துவிடும். 'மௌனம்', 'வலி', 'கனவு' என்று எழுதிவிட்டு வவுச்சர் தேடினால் ஒன்றும் இருக்காது. கொள்முதல் பிரிவில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்ததும் இதுதான். 'நல்ல தரமான குழாய்' என்று எழுதியிருந்தேன். என் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்து, 'எவ்வளவு தடிமன், எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும்' என்று ஓரத்தில் எழுதினார். கவிதை பற்றிய எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு உதவியதில்லை. அன்றிலிருந்து 'அழகான' என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மை கண்ணுக்கு வரும்.

நம் சங்கப் புலவர்கள் பட்டியலை ஒருமுறை பெயர்களுக்காக மட்டும் படியுங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானிய வியாபாரி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. உறையூர் மருத்துவன் தாமோதரனார். இவர்களுக்கு நடுவில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர். வண்ணக்கன் என்றால் நாணயம் நல்லதா கள்ளதா என்று சோதிக்கிறவர். கிட்டத்தட்ட உங்கள் வேலை! இந்தப் பெயர்களை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். ஒருநாள்தான் உறைத்தது, கவிதை எழுதியதால் இவர்கள் தொழிலின் பெயரைக் கழற்றி வைக்கவில்லை, தொழில் செய்ததால் கவிஞர் என்ற பெயரும் குறையவில்லை. இரண்டும் ஒரே பெயராக இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறது.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டைச் சொல்கிறேன். 1917-இலிருந்து 1925 வரை லண்டனில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். அவரை அதிலிருந்து மீட்க இன்னொரு கவிஞரான எஸ்ரா பவுண்டும் நண்பர்களும் 1922-இல் பணம் திரட்டக்கூட முனைந்தார்கள். அவருக்கு அது சங்கடமாகிவிட்டது, வங்கியிலேயே இருந்தார். அதே வருடம் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதையில், காலையில் பாலத்தின் மேல் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். வழியில் ஒரு தேவாலயத்தின் கடிகாரம். ஒன்பது மணி அடிக்கும்போது அதன் கடைசி அடி மட்டும் செத்த ஓசையாக விழுகிறது. அந்த இடத்துக்கு எலியட்டே ஒரு குறிப்பு எழுதினார், தான் அடிக்கடி கவனித்த விஷயம் அது என்று. அந்தத் தேவாலயம் வங்கிகள் நிறைந்த தெருமுனையில் இருக்கிறது. ஒன்பதாவது அடியின் ஓசை செத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒருநாள் சுற்றிப் பார்க்கப் போனால் போதாது. வேலைக்குப் போகிறவனாக, காலை ஒன்பது மணிக்கு அங்கே மறுபடி மறுபடி இருந்திருக்க வேண்டும். வேலையில்லாத கவிஞருக்கு அந்த வரி கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதே சமயம், வங்கி வேலை எலியட்டை வாட்டியதும் உண்மை. களைத்து, உடல்நலம் கெட்டு, 1921-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்த்தான் அந்தக் கவிதையை முடித்தார். அதை மறைத்துவிட்டு உங்களை வேலையில் இருக்கச் சொன்னால் அது நியாயமில்லை. உடம்பு கேட்டால் விடுப்பு எடுங்கள். பயணம் தாங்கவில்லை என்றால் வேலையை மாற்றுங்கள். அப்படி மாற்றினால் உங்களுக்காக மாற்றுங்கள். கவிதையின் பெயரைச் சொல்லி மாற்றினால், அப்புறம் எழுதுகிற ஒவ்வொரு வரியும் விட்ட சம்பளத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படி விட்டார்கள், இருவருமே எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாரத்தை ஒரு வரி தாங்காது.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். மூத்தவர் எண்களை வாய்விட்டுப் படிப்பார், சந்தேகம் வந்தால் குரல் ஒரு நொடி தாழும் என்று. மொழியை ஆபீஸ் தின்றுவிட்டது என்று சொன்ன அதே பத்தியில் இது இருக்கிறது. ஒரு மனிதர் எண்களை வாசிக்கிறார், இளம்பெண் ஒருத்தி பென்சிலோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள், குரல் தாழ்கிறது, டிக் விழாமல் பென்சில் நிற்கிறது. இதற்கு வவுச்சர் உங்களிடம் இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லை. இதில் 'மேற்படி' எங்காவது வந்ததா?

அடுத்த வாரம் பாட்டு வேண்டாம், அந்த அறையை எடுத்துக்கொண்டு வண்டி ஏறுங்கள். அவர் எண்களை எப்படிப் படிப்பார், ஒவ்வொரு இலக்கமாகவா, முழுத் தொகையாகவா? குரல் தாழ்ந்த பிறகு அவர் உங்களைப் பார்ப்பாரா, தாளைப் பார்ப்பாரா? உங்கள் பென்சில் அப்போது எங்கே இருந்தது? எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்.